தலைப்பிரசவம்: ராத்திரி ரெண்டு மணிக்கு அங்கே யார் இருப்பார்கள்?

கேட்டவளின் கேள்வி சுருக்கமாக இது: "சென்னையில் வேலை பார்க்கிறேன். 31 வாரம் ஆகிறது, முதல் குழந்தை. அம்மா வீடு பள்ளத்தூர். பிரசவத்தைச் சென்னையிலேயே வைத்துக்கொள்வதா, ஊருக்கு வருவதா? ஊர் என்றால் காரைக்குடி அரசு ஆஸ்பத்திரியா, தனியாரா? மாமியார் வீட்டில் ஜாதகம் பார்த்து நாள் குறித்து ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்கிறார்கள். எனக்குச் சுகப்பிரசவத்தில்தான் ஆசை, ஆனால் வலியை நினைத்தால் பயமாக இருக்கிறது. இப்போதிருந்து என்ன செய்ய வேண்டும்?"

நான் இந்தப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பெரும்பகுதி பிரசவ அறையில் கழிந்தது. உனக்கு என் மகள் வயதிருக்கும், அதனால் "நீ" என்றே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி பார்க்கப் போகிறவர்கள் ஏசி ரூம் இருக்கிறதா, கூட வருகிறவர் படுக்கக் கட்டில் உண்டா, பேக்கேஜ் எவ்வளவு என்றுதான் கேட்டு வருகிறார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு. ராத்திரி ரெண்டு மணிக்கு, அதுவும் தீபாவளிக்கு முந்தின ராத்திரி ரெண்டு மணிக்கு, இங்கே யார் இருப்பார்கள்? பிரசவம் பார்க்கும் டாக்டர் எங்கே இருப்பார்? ஆபரேஷன் என்று முடிவானால் மயக்க மருந்து டாக்டர் எத்தனை நிமிஷத்தில் வருவார்? பிறந்த பிள்ளை அழவில்லை என்றால் பார்க்கக் குழந்தை டாக்டர் உண்டா? ரத்தம் இங்கேயே இருக்கிறதா, வெளியில் போய் வாங்கி வர வேண்டுமா? நம் ஊர்களில் மயக்க மருந்து டாக்டர் பெரும்பாலும் நாலைந்து ஆஸ்பத்திரிக்குப் பொதுவான ஆள். கூப்பிட்டால் வருவார். ஆனால் அந்த நேரம் இன்னோர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனில் இருந்தால்? "வந்துருவார்மா" என்று சொன்னால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே. "எத்தனை நிமிஷத்தில்?" என்று மறுபடி கேள். கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ளும் இடமாக இருந்தால், அதுவும் உனக்கு ஒரு பதில்தான்.

ஏன் நிமிஷக் கணக்கு பார்க்கிறேன் என்றால், நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. பிள்ளை பிறந்து நஞ்சு (நஞ்சுக்கொடி) விழுந்ததும் கர்ப்பப்பை கல்லுப் போல இறுகி அந்தக் குழாய்களை மூடிக்கொள்ள வேண்டும். இறுகாமல் தளர்ந்தே கிடந்தால் ரத்தப்போக்கு எவ்வளவு வேகமாக இருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். அதற்காகத்தான் பிள்ளை பிறந்த ஒரு நிமிஷத்துக்குள் தாய்க்கு ஆக்சிடோசின் 10 யூனிட் தொடையில் போடுகிறோம். அதையும் மீறி ரத்தம் போகும் சில பேர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ரத்தசோகை, சர்க்கரை, பிரஷர் ஒன்றுமில்லாத, பத்து மாதமும் நல்லபடியாக இருந்த பெண்களுக்கும் அது வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுப் பிரசவத்தைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆனாலும் இப்போது அதைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இருப்பதால் சொல்கிறேன். என் ஆயா, அதாவது பாட்டி, பெரிய வீட்டின் பின்கட்டில்தான் எட்டுப் பெற்றார். உத்திரத்தில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு குந்தியபடி பெற்றதாகச் சொல்வார். மருத்துவச்சிக்குக் கைப்பக்குவமும் பொறுமையும் இருந்தன, மறுக்கவே இல்லை. அதே ஆயாதான், கூடப் பிறந்த தங்கச்சி பிள்ளை பெற்ற அரை மணி நேரத்தில் உதிரம் நிற்காமல் போய்ச் சேர்ந்ததையும் சொல்வார், ஒவ்வொரு தடவையும் கண் கலங்குவார். 2018ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய் ஒரு தாய் இறந்ததும் ரத்தப்போக்கில்தான். மருத்துவச்சியிடமிருந்து குந்துவதையும் நடமாடுவதையும் எடுத்துக்கொள்வோம். அதை ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்வோம்.

இனி உன் மூன்று வழிகள். அரசு ஆஸ்பத்திரி என்றால் நம் பக்கத்தில் காரைக்குடி அரசு தலைமை மருத்துவமனை. சிக்கல் என்றால் அனுப்புவது பெரும்பாலும் சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கு. அது 2012ல் வந்த பிறகுதான் மதுரைக்கு ஓடும் பாதி ஓட்டம் குறைந்தது. கல்லூரி ஆஸ்பத்திரியின் பலமே ராத்திரியிலும் ஆள் இருப்பது: டியூட்டி டாக்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்த வங்கி, பச்சைக் குழந்தைக்கான தீவிரப் பிரிவு எல்லாம் ஒரே வளாகத்தில். சுகப்பிரசவமோ சிசேரியனோ, மருந்து, பரிசோதனை, ரத்தம், சாப்பாடு எதற்கும் காசு கிடையாது. 2011 முதல் நாடு முழுக்க அதுதான் விதி. கூட ஒரு பெண் துணை இருக்க அனுமதி உண்டு. வீட்டுக்குத் திரும்ப 102 வண்டி. தகுதி உள்ளவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய்: 14,000 பணமாக, 4,000க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். (முத்துலட்சுமி அம்மா 1886ல் பிறந்தது இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள புதுக்கோட்டையில்தான். பெண்கள் மருத்துவம் படிப்பதையே ஊர் வேடிக்கை பார்த்த காலத்தில் படித்தவர். அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு நிமிர்வு வரும்.)

குறையையும் மறைக்க மாட்டேன். கூட்டம் இருக்கும். மறைவு குறைவு. சில இடங்களில் அதட்டல் இருக்கும். பயந்துபோய் கிடக்கிறவளை அதட்டினால் வலி கூடுமே தவிர பிள்ளை சீக்கிரம் வராது. இதை என் கூட வேலை பார்த்தவர்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனாலும் துணைக்கு வருகிறவர் நிதானமாகப் பேசத் தெரிந்தவராக இருக்கட்டும்.

தனியார் என்றால் ஒன்பது மாதமும் பார்த்த அதே டாக்டர் கையில் பிரசவம். அது பெரிய ஆறுதல்தான். தனி அறை, வீட்டுச் சாப்பாடு எல்லாம் உண்டு. ஆனால் மேலே சொன்ன ராத்திரிக் கேள்வியை அங்கேதான் அழுத்தமாகக் கேட்க வேண்டும். கூடவே, "உங்களிடம் முதல் பிரசவத்துக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்குச் சிசேரியன் ஆகிறது?" என்றும் கேள். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். அரசு ஆஸ்பத்திரிகளில் 36, தனியாரில் 64. உயிரைக் காக்கும் ஆபரேஷன் அது, ஒருக்காலும் பழிக்க மாட்டேன். என் கண் முன்னால் அதனால் பிழைத்த தாயும் பிள்ளையும் ஏராளம். ஆனால் மூன்றில் இரண்டு பெண்ணுக்குத் தேவைப்படுகிற ஆபரேஷன் இல்லை அது.

சென்னையிலேயே பெற்றுக்கொள்வதா? உனக்குச் சர்க்கரை, பிரஷர், நஞ்சு கீழே இருப்பது, இரட்டை, இப்படி ஏதாவது இருந்தால் பார்க்கிற டாக்டரை விட்டு வராதே. ஒன்றுமில்லை என்றால் அம்மா வீட்டுக்கு வா. கைக்குழந்தையோடு முதல் நாற்பது நாளைத் தனியாக ஃபிளாட்டில் தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்பது பிறகு தெரியும். வருவதாக இருந்தால் 34 வாரத்துக்குள் வந்துவிடு. காரில் ஒரே மூச்சில் நானூறு கிலோமீட்டர் வேண்டாம், ரயிலில் வா. கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது, கேட்டு வாங்கு. நடுநடுவே எழுந்து நட. வந்ததும் பள்ளத்தூர்ப் பக்கத்துக் கிராம சுகாதார செவிலியரிடம் உன் பிக்மி எண்ணை (கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த எண்) சொல்லி இந்த ஊரில் இருப்பதைப் பதிந்துகொள். தனியாரில் பெற்றாலும் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்தான் கேட்பார்கள். மகப்பேறு விடுப்பு 26 வாரம், அதில் பிரசவத்துக்கு முன் எட்டு வாரத்துக்கு மேல் எடுக்க முடியாது. ஆபீசில் அதைக் கணக்கிட்டு எழுதிக் கொடு.

ஜாதக விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் பெண்கள் வாய் திறக்க முடியாமல் தவிக்கிறார்கள். மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பேரப்பிள்ளை நல்ல நட்சத்திரத்தில் பிறக்க வேண்டும் என்கிற ஆசை. அவரோடு சண்டை போடாதே. ஆனால் விஷயத்தைத் தெரிந்துகொள். பிள்ளையின் நுரையீரல் கடைசி வாரங்களில்தான் பக்குவப்படுகிறது. பிரசவ வலியே அந்த நுரையீரலில் உள்ள நீரை வற்ற வைக்கும் வேலையையும் செய்கிறது. வலி வராமல் 37, 38 வாரத்தில் நல்ல நேரம் என்று எடுத்த பிள்ளைகள் மூச்சு இழுத்து இழுத்து வாங்குவதை, முனகியபடி கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். நல்ல நட்சத்திரத்தில் பிறந்த பிள்ளையைத் தாய் மூன்று நாள் கழித்துத்தான் கையில் வாங்கினாள். வேறு காரணத்தால் சிசேரியன் நிச்சயம் என்று டாக்டரே சொல்லிவிட்டால், 39 வாரம் முடிந்த பிறகு அவர் சொல்லும் நாட்களுக்குள் நல்ல நேரம் பார்த்துக்கொள்ளட்டும், யாருக்கும் கெடுதல் இல்லை. காரணமே இல்லாமல் வயிற்றைத் திறக்க வேண்டாம். அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு அந்தத் தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து, ஒவ்வொரு சிசேரியனுக்கும் கூடுகிறது. மாமியாரிடம் நீ சொல்வதைவிட, அடுத்த செக்கப்புக்கு அவரையே அழைத்துப்போய் டாக்டர் வாயால் கேட்க வைப்பது நல்லது. உன் வீட்டுக்காரர் கூட இருந்து "வலி வந்து பொறக்கட்டும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் அதோடு முடிந்துவிடும்.

வலிக்குப் பயப்படுகிறாய். பயப்படாதே என்று சொல்லப் போவதில்லை. வலிக்கும். ஆனால் அது இடைவிடாத வலி இல்லை, அலை மாதிரி. முதுகிலிருந்து கிளம்பி அடிவயிற்றுக்கு வந்து உச்சிக்குப் போய் இறங்கும். ஓர் அலை ஒரு நிமிஷம் இருக்கும். இறங்கியதும் இரண்டு மூன்று நிமிஷம் ஒன்றுமே இருக்காது, அந்த இடைவெளியில் தூங்கிக்கூடப் போவார்கள். தலைப்பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறக்கும் வரை மெதுவாகத்தான் போகும். ஒரு நாள் முழுக்கக்கூட ஆகலாம். "இன்னும் ரெண்டு விரல்தான் தொறந்திருக்கு" என்று சொன்னதும் மனம் உடைந்து, "ஆபரேஷனே பண்ணிருங்க" என்று கதறுகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் அதிகம். அதனால் இதை முன்கூட்டியே தெரிந்து வை. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால் மெதுவாகப் போவது ஒரு நோய் இல்லை.

அந்த நேரத்தில் மல்லாந்து படுக்காதே. நட, நின்று சுவரில் சாய், முழங்காலிட்டுக் கட்டிலைப் பிடித்துக்கொள், இடது பக்கம் ஒருக்களித்துப் படு. துணைக்கு இருக்கிறவர் ஒவ்வோர் அலைக்கும் இடுப்பின் பின்னால் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தால் பாதி வலி அவர் கைக்குப் போன மாதிரி இருக்கும். மூச்சை அடக்காதே. மூக்கால் இழுத்து வாயால் "ஊ..." என்று நீளமாக விடு. இதை இன்றைக்கே பழகு, அன்றைக்குப் புதிதாக வராது. இடையில் தண்ணீர், இளநீர், கஞ்சி குடிக்கலாம், டாக்டர் தடுத்திருந்தாலொழிய. முதுகில் போடும் வலி நீக்கும் ஊசி, எபிடியூரல், சென்னையின் பெரிய ஆஸ்பத்திரிகளில் சாதாரணம். நம் ஊரில் அதற்கென்று மயக்க மருந்து டாக்டர் கூடவே இருக்க வேண்டும் என்பதால் எல்லா இடத்திலும் கிடைக்காது. அது இல்லாமல் முடியாது என்று நினைத்தால் அதுவே சென்னையில் இருக்க நியாயமான காரணம். எனிமா கொடுப்பது, மழிப்பது, எல்லோருக்கும் கீழே கத்தரித்துத் தையல் போடுவது, இவையெல்லாம் வழக்கமாகச் செய்யத் தேவையில்லாதவை என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. "அவசியம் என்றால் மட்டும் கத்தரியுங்கள்" என்று முன்பே சொல்லி வைக்கலாம். பிள்ளை பிறந்ததும் ஒரு நிமிஷமாவது கழித்துக் கொடியை வெட்டவும், துடைத்து உன் மார் மேலேயே போடவும் கேள். அந்த ஒரு நிமிஷத்தில் நஞ்சிலிருந்து பிள்ளைக்குப் போகும் ரத்தம், அடுத்த சில மாதங்களுக்கான இரும்புச்சத்து.

இப்போதிருந்து செய்ய வேண்டியதில் முதல் வேலை ரத்தம். ஹீமோகுளோபின் 11க்கு மேல் இருக்கிறதா பார். இல்லை என்றால் இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடு, காபி, டீயோடு வேண்டாம். உன் ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி பற்றி இந்த வாரமே கேள். சர்க்கரைப் பரிசோதனை 24 வாரத்துக்கு மேல் செய்திருக்க வேண்டும், விட்டிருந்தால் உடனே செய். தினமும் அரை மணி நேரம் நட. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பழகு, சுவரைப் பிடித்துக் குந்தி எழு. 34 வாரத்துக்குப் பிறகு கீழே, பிள்ளை வரும் வழியில், எண்ணெய் தொட்டு மெல்ல நீவி விட்டால் கிழிசல் குறையும்.

நம் வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பார்க்க அழகு, ஈரம் பட்டால் வழுக்கும். நிலைப்படி உயரம், வளவிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் படி, கழிப்பறை வீட்டின் கடைசிக் கட்டில். ராத்திரி ஐந்து தடவை எழுந்து போகிற நிறைமாதக்காரிக்கு இந்த வழி ஆபத்து. கழிப்பறைக்குப் பக்கத்து அறைக்கு மாறிக்கொள், வழியில் ஒரு விளக்கு எரியட்டும்.

பை இப்போதே கட்டிவிடலாம்: மகப்பேறு அட்டை, ஸ்கேன்கள், ஆதார், துவைத்துக் காயவைத்த பழைய பருத்தித் துணிகள். நைந்துபோன கண்டாங்கிச் சேலை பிள்ளையைச் சுற்ற அவ்வளவு நல்லது. உன் ரத்த வகைக்குக் கொடுக்கக்கூடிய இரண்டு பேரின் பெயர், ராத்திரி வரக்கூடிய வண்டிக்காரர் எண், இரண்டையும் சுவரில் எழுதி ஒட்டு. 108 எப்போதும் உண்டு.

கிளம்புவது எப்போது? நம் வீடுகளில் சூட்டு வலியா பிள்ளை வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் கொடுப்பார்கள். கொடுக்கட்டும், தப்பில்லை. ஒரு மணி நேரம் இருந்து பார்: வலி அடங்கிப் போனால் பொய் வலி. ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷமாக, நடந்தாலும் படுத்தாலும் குறையாமல் வந்தால் கிளம்பு. ஆனால் சிலவற்றுக்குக் கஷாயமும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். பனிக்குடம் உடைந்தால், அதிலும் தண்ணீர் பச்சையாக இருந்தால் உடனே. மாதவிலக்கு மாதிரி ரத்தம் போனால் உடனே. தலைவலியோடு கண் மங்கினால், மேல்வயிறு வலித்தால், முகம் வீங்கினால் உடனே. ஜன்னி (வலிப்பு) வருவதற்கு முன் உடல் கொடுக்கிற எச்சரிக்கை அது. பிள்ளை துள்ளுவது குறைந்ததாகத் தோன்றினால் சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் படுத்து எண்ணு. இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு இல்லை என்றால், ராகு காலம் பார்க்காமல் கிளம்பு. வலி வரவழைக்க விளக்கெண்ணெய் குடிக்கவே குடிக்காதே. 41 வாரம் தாண்டினால் ஆஸ்பத்திரியிலேயே முறையாக வலி வர வைப்பார்கள்.

பிறந்த பிறகு ஒரு சங்கடம் வரும். குடும்பத்தில் நல்ல குணம் உள்ள பெரியவர் கையால் சேனை தொட்டு வைக்க வேண்டும் என்பார்கள், அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று. சீனித்தண்ணீரோ தேனோ, எதுவும் பிள்ளையின் நாக்கில் படக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிருமி ஒரு வயதுக்குள் உள்ள பிள்ளையின் நரம்பையே தளர வைக்கும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். நான் ஒரு வழி சொல்வேன்: அந்தப் பெரியவர் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு பிள்ளையை எடுத்து உன் மாரில் வைக்கட்டும். பல வீடுகளில் அப்பத்தாக்கள் இதை மனசாரச் செய்து, முதல் பால் கொடுக்க வைத்தவர் தாமே என்று பெருமைப்பட்டிருக்கிறார்கள். பிள்ளையின் தொப்புளில் சாம்பலோ எண்ணெயோ வேண்டாம், காய்ந்து தானாக விழும்.

உனக்குப் பத்தியம் போடுவார்கள். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, உளுந்தங்களி, லேகியம், எல்லாம் நல்லவை, ரசித்துச் சாப்பிடு. தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் மட்டும் கேட்காதே. தாகத்துக்குக் குடி, பால் கொடுக்கிற உடம்புக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மணி நேரத்தில் ஒரு துணி முழுக்க நனைந்தால், காய்ச்சல் வந்தால், கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தால், இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை நிற்காமல் பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், நாற்பது நாள் கணக்கு முடியட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் அதே பிரசவ அறைக்குத் திரும்பிப் போ. உன் அம்மாவுக்கும் இந்த நாலையும் இப்போதே படித்துக் காட்டிவிடு.